எட்டாம் நம்பர் பேனல்

பிப்ரவரி 1, சனி

இன்றைய உற்பத்தி: 19.6 யூனிட்.

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இரண்டு வாரமாகச் சும்மா கிடந்தது. எழுதுவதற்கு இன்றுதான் விஷயம் கிடைத்திருக்கிறது. வேலாங்காட்டுப்புதூரில் முதன்முதலாக மொட்டை மாடியில் சோலார் போட்டவன் இந்தச் சென்னியப்பன்தான். மொத்தம் பத்து பேனல்.

மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வீட்டு மீட்டரை அண்ணாந்து பார்த்தே கழுத்து தேய்ந்தவன் நான். போன நவம்பரில் ஓய்வு. இனி என் மீட்டர், என் வெயில். எந்தப் பேனல் எந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று செல்போனிலேயே தனித்தனியாகத் தெரிகிறது. அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் சட்டத்திலும் சிவப்புப் பெயின்டில் ஒன்று முதல் பத்து வரை நானே எண் போட்டேன்.

மாடியில் இருந்த துணிக்கொடி, மிளகாய் காயவைக்கும் தார்ப்பாய், பழைய அண்டா எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியாகிவிட்டது. மயிலாத்தாள் மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க, துணி காயப்போடறதுக்கு எடமே இல்லீங்களே?"

"மெசின்லயே காய வெக்கற வசதி இருக்குதில்ல? சுத்திவிட்டா ஆச்சு."

"மொளகாயி?"

"பொடியாவே வாங்கிக்கலாம்."

வெளிப்பக்க இரும்புப் படிக்குக் கீழே ஒரு கிரில் கேட் போட்டுப் பூட்டிவிட்டேன். ஊரில் பார்க்க ஆசைப்பட்டு ஏறுகிறவர்கள் யாராவது பேனல்மேல் கை வைத்துவிடக் கூடாது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

20.1 யூனிட். ஒரு கதிர் வீணாகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

20.3.

காலைக் காபி பதினொரு நிமிடம் தாமதம். கேட்டதற்கு மயிலாத்தாள், "காலு கொடையுதுங்க. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க. என்ர காலு எனக்கே பாரமா இருக்குது" என்றாள். இந்தப் புகார் புதிதல்ல, ஒரு வருடமாகவே வருகிறது. எங்கே, எவ்வளவு என்று கேட்டால் தொடையில் என்கிறாள், இடுப்பில் என்கிறாள், முழங்காலுக்குக் கீழே எலும்பில் என்கிறாள். ரீடிங் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. வலிக்கு ரீடிங் கிடையாது. தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் இது சொகுசு கூடிப்போனதன் விளைவு. பெண் பார்க்கப் போன அன்றே என் மாமனாரிடம், "உங்க பொண்ணு மேல வெயிலே படாம வெச்சுக்குவனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன். முதலில் மாடுகளை விற்றேன், பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டேன். நடுவாசல் திறந்து கிடந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து, என் கையால் பிளான் போட்டு, சுற்றிலும் ஏழடி மதில் எழுப்பி, முன்னால் போர்டிகோவும் பின்னால் தகரக் கூரையும் இறக்கி இந்த வீட்டைக் கட்டினேன். சித்திரையில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஊரில் எந்தப் பெண்ணுக்கு இந்தப் பாக்கியம்? மற்றவர்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

19.8. லேசான மேகம்.

இதுவரை நாற்பத்தோரு பேர் பேனலைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று வந்த ஒரம்பரை விருந்தாளிகளுக்கு மாடிக்கே மோர் கொண்டுவரச் சொன்னேன். மயிலாத்தாள் தட்டோடு நான்காவது படி வரை வந்து நின்றுவிட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பாப்பாத்திதான் வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். இந்தப் பாப்பாத்தி என் பங்காளி கொழந்தசாமியின் மனைவி. பேனலைப் பார்க்கத்தான் வந்தாள், உதவ வந்தமாதிரி காட்டிக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பேனலை மயிலாத்தாள் இன்னும் பார்க்கவே இல்லை. செல்போனில் படம் காட்டினேன்.

"நல்லா கருகருன்னு இருக்குதுங்க" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

20.6.

சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா செவ்வந்தி வந்தார். ஸ்கூட்டரில் வந்தவர் முழங்கை வரை கையுறை, முகத்தைச் சுற்றி துப்பட்டா, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி என்று வந்ததால் யாரோ கொள்ளைக்காரி என்று கேட்டைச் சாத்தப் போனேன். துப்பட்டாவை அவிழ்த்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

ஊரில் இருபது பெண்களுக்கு ரத்தம் எடுத்து வைட்டமின் டி பார்க்கப்போகிறார்களாம். அது வெயிலிலிருந்து கிடைப்பது, குறைந்தால் எலும்பு பலம் இழக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, நம்மூர்ல தண்ணிக்குப் பஞ்சம் சொல்லுங்க, நம்பறேன். வெயிலுக்குமா பஞ்சம்? என்ர மாடிக்கு வந்து பாருங்க, ஒரு நாளைக்கு இருவது யூனிட்டு."

"பேனலுக்குப் பஞ்சமில்லீங்க சார். பொம்பளைங்களுக்கு இருக்குதான்னு பாக்கறோம். வீட்ல அம்மாவையும் அனுப்புங்க."

எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைகிறது என்று கெஞ்சியதால் அனுப்பினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

20.9. இதுவரை இதுதான் அதிகபட்சம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இருபது பேரில் பதினேழு பேருக்குக் குறைவு. இருபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம், முப்பது இருந்தால் நல்லதாம். நாளெல்லாம் வெயிலில் மண் வெட்டுகிறவர்களுக்கே பன்னிரண்டு, பதினான்குதான் இருக்கிறது. அது எப்படி என்று நர்சம்மாவிடம் கேட்டேன்.

"வெயில்ல நிக்கறாங்க சார். வெயிலு மேல படறதில்லயே. புருசனோட முழுக்கைச் சட்டைய சேலைக்கு மேல மாட்டிக்கறாங்க. தலைக்குத் துண்டு, அதுக்கு மேல சும்மாடு. கண்ணும் மூக்கும்தான் வெளிய தெரியுது. கறுத்துப்போயிருவோம்னு பயம்."

"உங்களுக்கு எவ்வளவு?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பதினொண்ணு" என்றார்.

மயிலாத்தாளுக்கு 6.8. இருபது பேரிலும் இதுதான் கடைசி. பாப்பாத்திக்குக்கூடப் பத்தொன்பது. பங்காளி வீட்டு ரீடிங் நம் வீட்டு ரீடிங்கைவிடக் கூடுதலாக வருவது இதுதான் முதல் தடவை.

"மெசின் தப்பா இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பில் கூடுதலாக வந்தால் முப்பத்தொரு வருடமாக ஜனங்கள் என்னிடம் சொன்ன அதே வாக்கியம் இது. அவர்களுக்கு நான் சொன்ன பதிலையே நர்சம்மா எனக்குச் சொன்னார்.

"மெசின் சரியாத்தான் இருக்குதுங்க. வீட்டைப் பாருங்க."

வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரத்துக்கு. அதோடு தினமும் பத்தரை மணிக்கு மேல் அரைமணி நேரமாவது கையிலும் காலிலும் நேர் வெயில் பட வேண்டும். அலட்சியமாக விட்டால் எலும்பு தானாகவே விரிசல் விடும், அப்புறம் நடக்கவே முடியாமல் போகும் என்றார். மயிலாத்தாள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இப்ப ரீடிங்கு வந்துருச்சுங்களா?"

மாமனார் உயிரோடு இல்லை. இருந்தால், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்கு அத்தாட்சியாக அந்தக் காகிதத்தையே காட்டியிருக்கலாம்.

மார்ச் 2, ஞாயிறு

20.4.

சமுதாயக் கூடத்துக்கு முன்னால் வெயில் விழிப்புணர்வுக் கூட்டம். காலை பதினொரு மணி வெயிலில் பெண்களை அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசுவதாக நர்சம்மாவின் திட்டம். பாவம், தாய்மார்கள் வாடிவிடுவார்களே என்று என் பொறுப்பில் ஒரு சாமியானா போட்டுக் கொடுத்தேன். நான்கு பக்கமும் துணி கட்டி, இரண்டு ஃபேனும் வைத்தேன். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெயில்தான் என்று நினைத்தேன்.

சிறப்புரை என்னுடையது. சூரியசக்தியின் பயன்கள் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். அறுபது பெண்களும் முழுக்கைச் சட்டையோடு வந்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் மாபெரும் வெற்றி.

மார்ச் 6, வியாழன்

20.7.

இன்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெயில் எங்கே விழுகிறது என்று காலையிலிருந்து என் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முன்பக்கம் போர்டிகோ. பின்பக்கம் தகரக் கூரை. கிழக்கே கொழந்தசாமியின் வீட்டுச் சுவர். இரும்புப் படி இருப்பது வடக்குப் பக்கம், அங்கே எப்போதும் நிழல். மேற்கு மதிலோரம் ஒன்றரை அடி அகலத்துக்குப் பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு முப்பத்தைந்து வரை வெயில் வருகிறது. ஆனால் அங்கே செப்டிக் டேங்க்.

"ஒரு சொட்டு வெயில் உள்ள வரப்புடாது" என்று கொத்தனாரிடம் சொல்லிச் சொல்லி வேலை வாங்கியது ஞாபகம் வந்தது. மனுசன் சொன்னதைச் செய்திருக்கிறான், குறை சொல்ல முடியாது.

ரோட்டோரம் நாற்காலி போடலாமா என்றேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று, "ஏனுங்க்கா, வீட்டுக்காரர் வெளிய தள்ளிப் போட்டாருங்களா?" என்று கேட்பான் என்று மயிலாத்தாளே மறுத்துவிட்டாள். கடைசியில் தெற்கு ஜன்னலோரம் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அங்கே நல்ல வெளிச்சம். போனில் சொன்னபோது நர்சம்மா, "கண்ணாடி வழியா வெளிச்சம்தான் சார் வரும். நமக்கு வேண்டியது வராது" என்றார். இது எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கோ தெரியவில்லை.

மயிலாத்தாள் மெதுவாக, "மாடி..." என்று ஆரம்பித்தாள்.

"அங்க எடம் எங்க இருக்குது? பேனலுக்கு நடுவுல தொடைக்கறதுக்கு ரெண்டடி சந்து விட்டிருக்குது, அவ்வளவுதான். நெழல் விழுந்தா உற்பத்தி போச்சு. அதுவுமில்லாம உன்னால நாலு படிக்கு மேல ஏற முடியாது."

"ஆமாங்க. ஏற முடியாதுங்க" என்றாள்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மார்ச் 10, திங்கள்

20.5. மாத்திரை இரண்டாவது வாரம்.

கிரில் கேட்டின் இன்னொரு சாவி அரிசி டின்னுக்குள் வைத்த ஞாபகம். காணோம். வயதாகிவிட்டது, எங்கோ மறந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

19.7. வானம் தெளிவாகத்தான் இருந்தது. பின் ஏன் குறைந்தது?

சமையலறை முக்காலியையும் காணோம். கேட்டால், "இங்கதானுங்க எங்கியோ" என்கிறாள் மயிலாத்தாள்.

மார்ச் 15, சனி

19.6.

கண்டுபிடித்துவிட்டேன். எட்டாம் நம்பர் பேனல்தான் கோளாறு. தினமும் காலை பத்து நாற்பதுக்கு உற்பத்தி படுத்துவிடுகிறது, பதினொன்று இருபதுக்குத் தானாக எழுந்துவிடுகிறது. மற்ற ஒன்பதும் சுத்தம். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. பத்து மணிக்குக் கிளம்பி டீக்கடையில் பேப்பர் முழுதும் படித்துவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் திரும்புவேன். இது முப்பத்தொரு வருடப் பழக்கம். இருந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

20.6. இன்று டீக்கடை லீவு, வீட்டிலேயே இருந்தேன். எட்டாம் பேனல் ஒழுங்காக வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் பழுதை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

19.5. கம்பெனிக்காரப் பையனிடம் போனில் பேசினேன். "நெழல் ஏதாச்சும் விழுதுங்களா சார்?" என்றான். உடனே புரிந்துவிட்டது. கொழந்தசாமியின் தென்னைமரம்!

மார்ச் 19, புதன்

19.6.

கொழந்தசாமியைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன்.

"ஏனுங்ணா, மரம் இருவத்தஞ்சு வருசமா அங்கயேதான நிக்குது? அதென்ன பத்தே முக்காலுக்கு மட்டும் வந்து எட்டிப் பாக்குமா?" என்றான்.

"உன்ர மட்டைய வெட்டு. அப்புறம் பேசு."

பெரியவன் பேச்சுக்கு மரியாதை கொடுத்து இரண்டு மட்டையை வெட்டிப்போட்டான். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த மயிலாத்தாள் என்றைக்கும் இல்லாமல் குறுக்கே பேசினாள்.

"மரத்த எதுக்குங்க குத்தஞ் சொல்றீங்க? அது பாட்டுக்கு அது நிக்குது."

இவளுக்கு எப்போதிலிருந்து பங்காளி வீட்டு மரத்தின் மேல் பாசம் என்று தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

19.4. மட்டை வெட்டியும் பயனில்லை. கொழந்தசாமிக்கு இதைச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 22, சனி

19.6.

கல்யாண வீட்டுக்குப் போய் வந்தோம். பந்தியில் ஒரு அம்மாள், "என்ன மயிலு, இப்புடிக் கறுத்துப்போயிட்டே? ராணியாட்ட இருந்தியே" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவமானமாகிவிட்டது. நானும் உற்றுப் பார்த்தேன். கை, கழுத்து, முகமெல்லாம் ஒரு சுற்று மங்கித்தான் இருக்கிறது.

"அடுப்பு அனலுங்க" என்றாள் மயிலாத்தாள்.

இண்டக்சன் அடுப்பில் ஏது அனல் என்று யோசித்தேன். கேட்கவில்லை. உள்ளங்கைகளில் வேறு இரும்புத் துரு மாதிரி ஏதோ பழுப்புக் கறை. மருதாணி சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த தைலம் வேலை செய்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

18.8. எட்டாம் பேனலில் வழக்கமான குறைவு. இன்று பத்தாம் பேனலிலும் குறைவு.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பொறுத்தது போதும் என்று திருடனைப் பிடிக்க முடிவு செய்தேன். பத்து மணிக்கு டீக்கடைக்குப் போவதுபோல் கிளம்பி, சந்து வழியாகச் சுற்றி வந்து, சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து உள்ளிருந்து பூட்டிவிட்டு மாடிக்கு ஏறினேன். கையில் ஒரு தடி. பத்தாம் பேனலை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் குந்தினேன்.

பத்து இருபதுக்குக் கீழே பூட்டு திறக்கும் சத்தம். தடியை இறுக்கிப் பிடித்தேன். யாராவது ஏறினால் இரும்புப் படி டங் டங் என்று அதிரும். இது அப்படி இல்லை. ஏதோ மூட்டையை இழுத்து வைப்பது மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. மறுபடியும் மூட்டை, மறுபடியும் மூச்சு. நடுவில் ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஏழு... சாமீ... எட்டு..."

முதலில் கொண்டைதான் தெரிந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி அதில் வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த படி. மொத்தம் பதினெட்டுப் படி. குழந்தைகள் இறங்குகிற மாதிரி, ஐம்பத்தைந்து வயதில் என் மனைவி உட்கார்ந்தே மாடி ஏறி வந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினாறு நிமிடம் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் மணி பார்க்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

மேலே வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்து, எட்டாம் பேனலுக்கு அடியிலிருந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். சேலையை முழங்கால் வரை ஏற்றினாள். மடியில் இருந்து ஒரு பிடி மிளகாயை எடுத்துப் பேனலின் ஓரத்தில் பரப்பினாள். பிறகு அந்தப் பேனலைத் தட்டிக்கொடுத்து, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுவது மாதிரி பேசினாள்.

"சித்தெ பொறுத்துக்க கண்ணு. நீயும் வெயிலுக்குத்தான் வந்திருக்கறே, நானும் வெயிலுக்குத்தான் வந்திருக்கறேன். அவிய வாரதுக்குள்ள எந்திரிச்சுருவேன்."

என் சட்டைப் பையில் செல்போன் நடுங்கியது. எட்டாம் பேனல் குறைவு, பத்தாம் பேனல் குறைவு என்று எச்சரிக்கை. அமுக்கி அணைத்தேன்.

நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் தொட்டிக்குப் பின்னால் தடியோடு குந்தியிருந்தேன். வெளியே வர தைரியம் இல்லை. முப்பத்தொரு வருடம் எவன் வீட்டு வாசலிலும் கூசாமல் போய் நின்றவன் நான். என் வீட்டு மாடியில் என் மனைவிக்கு முன்னால் போய் நிற்கக் கூசியது. திருட வந்தவள் மாதிரி அவளை ஆக்கி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, எழுதுவதற்கென்ன.

பதினொன்று இருபதுக்கு மிளகாயை வாரிக்கொண்டு, முக்காலியை அடியில் தள்ளிவிட்டு, அதேபோல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிப்போனாள். பூட்டும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நானும் இறங்கினேன். கீழ்ப்படிக்கு வந்ததும், அவள் ஏறிய மாதிரி உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். எனக்கு எலும்பில் ஒன்றும் குறையில்லை. ஆறாவது படியில் உள்ளங்கை எரிந்தது, கறையும் பிடித்தது. மருதாணி இல்லை, துருதான்.

மார்ச் 26, புதன்

உற்பத்தி பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கிளம்பிப் போய் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று தெரியாது. பதினொன்றரை வரை எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29, சனி

17.9.

கம்பெனிக்காரப் பையனை வரவழைத்து எட்டாம் பேனலைக் கழற்றச் சொன்னேன்.

"நல்லாத்தானுங்க சார் இருக்குது?" என்றான்.

"பழுது. நாஞ் சொல்றேன், கழட்டு."

அதைக் கொண்டுபோய்க் காலியாகக் கிடக்கும் மாட்டுக்கொட்டகைக் கூரையில் போட்டாயிற்று. அங்கே பாதி நேரம் கொழந்தசாமியின் தென்னை நிழல். இந்தத் தடவை மட்டையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அப்படியே வெல்டரைக் கூப்பிட்டு இரும்புப் படிக்கு இரண்டு பக்கமும் வழவழப்பான கைப்பிடிக் குழாய் வைத்து, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். கிரில் கேட்டையும் எடுத்துவிட்டேன்.

"கேட்டு எதுக்குங்க எடுத்தீங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"கீச்சு கீச்சுன்னு சத்தம்."

"பேனலு?"

"பழுதுன்னு சொன்னேனில்ல? அந்த எடம் சும்மாதான் கெடக்குது. மொளகாகிளகா காயப்போடறதுன்னா போட்டுக்க."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"செரிங்க" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை முதல் நாள்

18.6.

நர்சம்மா வந்தார். முகத்தில் துப்பட்டா இல்லை, கையுறையும் இல்லை. "எனக்கும்தான சார் சேத்திச் சொன்னேன்" என்று சிரித்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்களாம். முதலில் இரண்டு பேர்தான் உட்கார்ந்தார்களாம். "மயிலாத்தாக்காவே கறுத்துப்போச்சு, நமக்கென்ன" என்று மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்களாம். என் சிறப்புரையின் பலன் என்று சொல்லலாம். நர்சம்மா அப்படிச் சொல்லவில்லை.

எட்டாம் பேனல் இருந்த இடத்துக்குப் பாப்பாத்தியும் வருகிறாள். துணிக்கொடியும் வந்துவிட்டது. எட்டைத் தாண்டி மிளகாய் ஒன்பதாம் பேனலின் ஓரம் வரைக்கும் பரவியிருக்கிறது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. மயிலாத்தாள் மட்டும் வெயில் உறைக்கும் முன்பே போகலாம் என்று நர்சம்மாவைக் கேட்டு நேரத்தைக் காலை ஒன்பதரைக்கு மாற்றிக்கொண்டாள்.

நேற்று இரண்டாவது ரீடிங் வந்தது. 29. பாப்பாத்தியைவிட மூன்று கூடுதல். கொழந்தசாமியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று டீக்கடை லீவு. ஒன்பதரைக்கு மயிலாத்தாள் படிக்குப் போனாள். நான் போர்டிகோவில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து காதை அங்கே வைத்திருந்தேன். டங், டங், டங். கால் வைக்கும் சத்தம். நடுவில் இரண்டு தடவை நின்றது. எண்ணினேன், பதினெட்டு. உட்காராமல், நடந்தே ஏறிவிட்டாள். பேப்பரை எந்தப் பக்கம் பிடித்திருந்தேன் என்று தெரியாது.

மேலேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க! சித்தெ மேல வாங்க."

போனேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொட்டியோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. பாப்பாத்தி கொண்டுவந்து போட்டாளாம்.

"அங்க உக்காருங்க. அன்னைக்கு அத்தன நேரம் குந்த வெச்சு உக்காந்திருந்தீங்களே, கால் மரத்துப்போவலீங்களா?"

பாதி உட்கார்ந்தவன் எழுந்துவிட்டேன்.

"எப்புடித் தெரியும்?"

"உங்க நெழலு பத்தாம் நம்பரு மேல விழுந்து கெடந்துச்சுங்க. தடியோட."

"அப்பவே கேக்கறதுக்கென்ன?"

"கேக்கலாம்னுதானுங்க இருந்தேன். அதுக்குள்ள பேனலு பழுதுன்னு சொல்லிக் கழட்டிட்டீங்க. செரி, பழுதாவே இருந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மிளகாயைத் திருப்பிப்போட ஆரம்பித்தாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன். நல்ல வெயில்.

இன்றைய உற்பத்தி: 18.1 யூனிட். ஒன்பது நாற்பது முதல் பத்தேகால் வரை பத்தாம் பேனலில் குறைவு. காரணம் தெரியும்.